முடித்துவிடுவார் என்று தெரிந்தவரை மட்டும் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சிறைத்தண்டனைக்குப் பதிலாக நீதிமன்றம் விதிக்கும் சமூக சேவையை எங்கள் பகுதியில் நடத்தும் பொறுப்பு சில மாதங்களாக என்னிடம் இருக்கிறது. ஒரு மருத்துவமனை, இரண்டு பள்ளிகள், ஒரு பூங்கா ஆகியவை எங்கள் பணியிடங்கள். அனுப்பப்படுகிறவர்களில் பாதிப் பேர்தான் மணிக்கணக்கை முடிக்கிறார்கள். மற்றவர்கள் முதல் இரண்டு வாரத்திலேயே காணாமல் போய்விடுகிறார்கள். நீதிபதிக்கு எங்கள் மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. முதல் முறை தவறு செய்தவர்கள், நிலையான வேலையும் குடும்பமும் உள்ளவர்கள், இவர்களை மட்டும் பரிந்துரைத்தால் போதும் என்கிறார் என் மேலதிகாரி. எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. வராமல் போகிறவர்களை உடனே நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமா? வேலை செய்கிறவர்களுக்குத் தனி அடையாள உடை கொடுக்கவும் ஒரு யோசனை வந்திருக்கிறது. முடித்தவர்களுக்குச் சான்று ஏதாவது தரலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். உங்கள் மேலதிகாரி சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அவர் சொல்கிறபடி செய்தால் உங்கள் கணக்கு சீக்கிரமே அழகாகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முடித்தார்கள் என்று அறிக்கை எழுதலாம். ஆனால் அந்தத் தொண்ணூறு பேரில் எத்தனை பேர் உண்மையில் சிறைக்குப் போயிருப்பார்கள் என்று யாராவது கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. முதல் முறை, சிறிய தவறு, கையில் வேலை, பக்கத்தில் குடும்பம் என்று இருக்கிறவருக்கு நீதிபதி பெரும்பாலும் அபராதமோ எச்சரிக்கையோதான் கொடுத்திருப்பார். அவரிடம் நூறு மணி நேரம் வேலை வாங்குவதால் சிறையில் ஓர் ஆள்கூடக் குறையப்போவதில்லை, தண்டனைதான் கூடுகிறது. இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. அவர் ஏதோ காரணத்தால் பாதியில் நின்றுவிட்டால், ஆணையை மீறியவர் என்று சிறைக்கே அனுப்பப்படலாம். அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவரை நாமே சிறைக்கு அனுப்பியதாக ஆகிவிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. இங்கிலாந்தில் 1972-ல் சட்டம் வந்து, 1973-ல் ஆறு பகுதிகளில் சோதனையாகத் தொடங்கிய திட்டத்திலேயே இது நடந்தது. சிறைக்குப் பதில் என்று பேசித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். முதல் சில ஆண்டுகளை ஆராய்ந்து பார்த்தபோது, ஆணை பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சிறையிலிருந்து தப்பியவர்கள் என்று தெரிந்தது. மற்றவர்கள் எப்படியும் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

பின்லாந்து 1991-ல் சில பகுதிகளில் தொடங்கி 1994-ல் நாடு முழுவதும் கொண்டுசென்றபோது இதற்கு ஒரு தடுப்பு வைத்தது. அங்கே நீதிபதி முதலில் சமூக சேவை என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுத் தண்டனையை முடிவு செய்ய வேண்டும். சிறைத்தண்டனைதான் என்று முடிவாகி, அது 8 மாதத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தால்தான், அதைச் சமூக சேவையாக மாற்றலாமா என்ற பேச்சே எழும். எளிமையான ஏற்பாடு, ஆனால் வேலை செய்தது. எப்படியும் சிறைக்குப் போகவேண்டியிராதவர்கள் இந்த வழியில் திட்டத்துக்குள் வர முடியவில்லை.

உங்களால் சட்டத்தை மாற்ற முடியாது, சரி. பரிந்துரைப் படிவத்தை மாற்றலாம். சமூக சேவை இல்லையென்றால் இந்த வழக்கில் எத்தனை நாள் அல்லது மாதம் சிறை விதிக்கப்பட்டிருக்கும் என்று ஒரு வரி சேர்த்து, அதை நீதிபதியே நிரப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வரி காலியாக வரும் வழக்குகளை, இது அபராதத்திலேயே முடியக்கூடியது என்று மரியாதையாகத் திருப்பி எழுதலாம். இதையெல்லாம் நீதிபதியோடு உட்கார்ந்து பேசாமல் செய்ய முடியாது. 1992-ல் ஜிம்பாப்வேயில் சமூக சேவைத் தண்டனையைத் தொடங்கியவர்கள் தேசியக் குழுவுக்கு ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியைத் தலைவராக வைத்தார்கள். கீழே வட்டார அளவில் நீதித்துறை நடுவர்களையே குழுக்களில் உட்கார வைத்தார்கள். திட்டம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்கிற நீதிபதிக்கு அதன் மேல் நம்பிக்கை வரும். தூரத்திலிருந்து வராதவர்கள் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு வராது. உங்கள் நீதிபதியை ஒருநாள் அந்தப் பூங்காவுக்கு வரச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். இல்லை. இன்னொருவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தாக இருக்கக்கூடியவரை எடுக்கக்கூடாது. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் செய்தவரைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றி யோசிக்கவே கூடாது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் ஆளை ஒதுக்குவதைவிட, அவருக்குச் சரியான இடத்தைத் தேடுவதுதான் பொருத்தமாக இருக்கும். திருட்டு வழக்கில் வந்தவரைப் பணமும் மருந்தும் புழங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் விடாமல் பூங்காவுக்கு அனுப்பலாம். குடிப்பழக்கம் உள்ளவரை முதலில் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு வேலையைச் சில வாரம் தள்ளித் தொடங்க நீதிமன்றத்திடம் கேட்கலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை தண்டனை பெற்றவர், நிரந்தர முகவரி இல்லாதவர், வேலை இல்லாதவர், இவர்கள்தான் சிறை வாசலில் நிற்கிறவர்கள். இவர்களை விட்டுவிட்டு நடத்துகிற திட்டம் யாருக்காக?

இப்போது அந்த முதல் இரண்டு வாரத்துக்கு வருகிறேன். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காணாமல் போகிறவர்கள் பலரும் நடுவில் ஓடிப்போவதில்லை, அவர்கள் தொடங்குவதே இல்லை. ஆணை வந்த நாளுக்கும் முதல் வேலை நாளுக்கும் இடையில் எத்தனை நாள் போகிறது என்று பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அந்த இடைவெளி நீளநீள வராதவர்கள் எண்ணிக்கையும் கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். நீதிமன்றத்தில் நிற்கும் அன்று மனிதருக்குப் பயமும் நிம்மதியும் சேர்ந்து இருக்கும். சிறை இல்லை என்ற நிம்மதியில் என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்வார். மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் போனால், அதற்குள் முகவரி மாறியிருக்கும், வேறு வேலை கிடைத்திருக்கும், மனதும் மாறியிருக்கும்.

ஆகவே உங்கள் ஆள் ஒருவர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்க வேண்டும். ஆணை வந்ததும் அந்த நபர் வெளியே போவதற்கு முன்பே பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடம், அங்கே யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் பேருந்தில் வரலாம், வர முடியாவிட்டால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் கொடுங்கள். படிக்கத் தெரியுமா என்பதைக் கூச்சப்படுத்தாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வேலை நாள் ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். அதற்கு முந்தின நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு. இவ்வளவு செய்தாலே பட்டியல் பெரிய அளவில் மாறும்.

அந்தப் பத்து நிமிடத்தில் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்றும் கேளுங்கள். தினக்கூலிக்குப் போகிறவரை வாரத்தின் நடுவில் மூன்று நாள் வரச் சொன்னால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் சரி. 120 மணி நேரத்தை நாளுக்கு 8 மணி நேரமாக, வாரம் ஒரு நாள் செய்தால் 15 வாரம் ஆகும், ஆகட்டும். வேலை இல்லாதவருக்கு இதையே வாரம் நான்கு நாள் கொடுத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அவருக்கு நீட்டி வைப்பதுதான் கெடுதல். சின்னக் குழந்தை உள்ள தாய்க்குப் பள்ளி நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி நான்கு மணி நேர வேலை தாருங்கள். எல்லோருக்கும் ஒரே அட்டவணை என்று வைத்தால் நிர்வாகத்துக்கு வசதி, முடிப்பவர்களுக்கு இல்லை.

மணிக்கணக்கைப் பற்றியும் நீதிபதியோடு பேசுங்கள். இங்கிலாந்தில் 40 முதல் 300 மணி நேரம் வரை விதிக்கலாம், வழக்கமாக 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். நெதர்லாந்தில் 240 மணி நேரம்தான் உச்சம், முடிக்காவிட்டால் 2 மணி நேரத்துக்கு ஒரு நாள் சிறை என்று கணக்கு. எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் உச்சவரம்பு ஒன்று இருப்பதும், இவ்வளவு மணி நேரம் இவ்வளவு சிறை நாளுக்குச் சமம் என்ற கணக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதும் எங்கேயும் தேவை. அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் சம்மதிக்க வேண்டும். சம்மதம் என்பது சடங்கு இல்லை. சிறை சாராத நடவடிக்கைகளுக்காக 1990-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட டோக்கியோ விதிகள், விசாரணைக்கு முன்போ அதற்குப் பதிலாகவோ சுமத்தும் கடமைகளுக்கு அதைக் கேட்கின்றன.

அடுத்தது பணியிடம். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றிக் குறை எதுவும் இல்லை, ஆனாலும் கேட்காததைச் சொல்கிறேன். அந்த மருத்துவமனையில் துப்புரவு வேலை யார் கையில் இருக்கிறது? ஒப்பந்தக்காரர் கையில் என்றால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். கட்டாய உழைப்பு பற்றிய 1930-ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் வாங்கும் வேலைக்கு விலக்கு தருகிறது, ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. அது பொது அதிகாரியின் மேற்பார்வையில் நடக்க வேண்டும், வேலை செய்கிறவரைத் தனிநபரிடமோ கம்பெனியிடமோ ஒப்படைக்கக்கூடாது. இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் அது தண்டனையாக இருக்காது, இலவசக் கூலியாகிவிடும். அங்கே ஏற்கெனவே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் பிழைப்பிலும் கை வைத்ததாகும். உடனே விசாரியுங்கள். கையுறை, காலணி யார் தருகிறார்கள், அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு பேசினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நல்ல பணியிடம் என்பது பெரும்பாலும் அங்கே இருக்கிற ஒரு நல்ல மேற்பார்வையாளர்தான். நிறுவனத்தின் தலைவர் உங்களோடு கைகுலுக்குவார், கையெழுத்துப் போடுவார். ஆனால் காலையில் வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் தோட்டக்காரர் அல்லது வார்டு பொறுப்பாளர். அவரை நேரில் பாருங்கள். வந்தவரின் வழக்கைக் கிண்டிக் கேட்கக்கூடாது, சொந்த வேலை வாங்கக்கூடாது, வந்த நேரமும் போன நேரமும் உண்மையாக எழுத வேண்டும் என்று அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கொடுக்கிற வேலையால் யாருக்கு என்ன பயன் என்பது செய்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஸ்காட்லாந்தில் ஆய்வாளர் ஜில் மெக்ஐவர் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில், வேலை பயனுள்ளது என்று உணர்ந்தவர்கள், பயன்பெறும் மனிதர்களோடு பழகியவர்கள், ஏதோ ஒரு கைத்திறன் கற்றவர்கள், இவர்களே ஒழுங்காக வந்தார்கள், மறுபடி குற்றம் செய்வதும் இவர்களிடம் குறைவாக இருந்தது என்று கண்டார். நேற்றுப் பெருக்கிய இடத்தையே இன்றும் பெருக்கு என்று நிறுத்தி வைப்பதற்கும், உடைந்த பெஞ்சுகளைச் சரிசெய்து குழந்தைகள் உட்காருவதைப் பார்க்க வைப்பதற்கும் நிறைய வித்தியாசம். ஒரு சின்ன விதியும் வைத்துக்கொள்ளுங்கள்: வேலைக்கு வந்தவரை, கருவி இல்லை, மேற்பார்வையாளர் வரவில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்த மணி நேரம் அவர் கணக்கில் ஏற வேண்டும். தவறு நம் பக்கம்தானே.

வராதவர்களை உடனே நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கு என் பதில்: உடனே நீங்கள் போங்கள். எட்டு மணிக்கு வரவேண்டியவர் ஒன்பதுக்கும் வரவில்லையென்றால் அன்றைக்கே கூப்பிட வேண்டும், மறுநாள் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். காய்ச்சலா, கூலி வேலை வந்துவிட்டதா, பேருந்துக்குப் பணம் இல்லையா, மேற்பார்வையாளர் திட்டினாரா? சரிசெய்யக்கூடிய காரணமாக இருந்தால் சரிசெய்துவிட்டு அடுத்த தேதி கொடுங்கள். காரணமே இல்லையென்றால் எழுத்தில் ஓர் எச்சரிக்கை. மறுபடியும் அதே மாதிரி என்றால் நீதிமன்றம், அதில் தயக்கம் வேண்டாம். இங்கிலாந்துச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான்: நியாயமான காரணமில்லாமல் ஒரு முறை தவறினால் எச்சரிக்கை, 12 மாதத்துக்குள் மறுபடி தவறினால் வழக்கு நீதிமன்றத்துக்குத் திரும்பும். இதில் கெடுதலானது கடுமையோ தளர்வோ இல்லை, தாமதம்தான். இரண்டு மாதம் யாரும் கேட்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று பிடியாணை அனுப்பினால், அவருக்கு அது அநியாயமாகத்தான் தெரியும். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களும் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போவதென்றால் சிறைதான் என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: சிறை சாராத ஒரு நடவடிக்கை தோற்றுப்போனால் அதனாலேயே தானாகச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடாது. காலத்தை நீட்டலாம், பணியிடத்தை மாற்றலாம், அபராதம் விதிக்கலாம். ஆகவே நீங்கள் அனுப்பும் அறிக்கையில் அவர் வரவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணி நேரம் முடித்தார், எப்போது நின்றார், நீங்கள் என்னென்ன முயன்றீர்கள், இனி எது சரிவரும் என்று எழுதுங்கள். முடித்த மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளும்படி கேளுங்கள். 90 மணி நேரம் உழைத்தவரையும் ஒரு நாள்கூட வராதவரையும் ஒரே மாதிரி நடத்தினால், பாதி வழியில் இருக்கிற ஒருவர் மீதியை முடிக்க எதற்காக வருவார்?

அடையாள உடை வேண்டாம். 2008 டிசம்பரில் இங்கிலாந்தில் இதைக் கொண்டுவந்தார்கள், முதுகில் எழுத்துப் பொறித்த ஆரஞ்சு நிற மேலங்கி. தண்டனை நடப்பதைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மக்கள் பார்க்க வேண்டியது வேலையை. சரிசெய்த சுவரில், பூங்கா வாசலில், இது சமூக சேவை ஆணையின் கீழ் செய்யப்பட்டது என்று பலகை வையுங்கள், உள்ளூர்க் கூட்டங்களில் சொல்லுங்கள், அடுத்து என்ன வேலை செய்யலாம் என்று அந்தப் பகுதி மக்களிடமே கேளுங்கள். மனிதரின் முதுகில் எழுதுவதால் தலைகுனிகிறவர்கள் அவர் மட்டும் இல்லை, அந்த வழியாகப் பள்ளிக்குப் போகிற அவருடைய பிள்ளைகளும்தான். அவருடைய அந்தரங்கத்தோடு குடும்பத்தின் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்று டோக்கியோ விதிகளே சொல்கின்றன. உங்கள் சொந்தப் பிரச்சினையையும் நினைத்துப் பாருங்கள். வெட்கப்படுத்தினால் வராதவர்கள் பட்டியல்தான் நீளும். பாதுகாப்புக்கு மேலங்கி தேவைப்படுகிற வேலையென்றால், அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் போடுகிற அதே மேலங்கியைக் கொடுங்கள்.

மேலதிகாரி ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவர் கையில் கணக்கு இருக்க வேண்டும். மாதாமாதம் ஒரே பக்கத்தில் எழுதி நீதிபதிக்கும் அவருக்கும் அனுப்புங்கள். வந்தவர்கள் எத்தனை, தொடங்கியவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை, திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை என்பதோடு, இவர்களில் எத்தனை பேரின் படிவத்தில் சிறைக்காலம் எழுதியிருந்தது என்பதையும் போடுங்கள். அந்தக் கடைசி எண்தான் திட்டத்தின் மதிப்பு. கடினமான ஆட்களை எடுக்கத் தொடங்கினால் முடிப்பவர் சதவீதம் கொஞ்சம் இறங்கும். இறங்குவதற்கு முன்பே அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்காகத் தெரியும்.

பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில், 14 நாள் வரையிலான சிறைத்தண்டனை பெற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சிறைக்கும் மற்றதைச் சமூக சேவைக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். 2000-ல் வெளிவந்த முடிவுகளில், சிறைக்குப் போனவர்கள்தான் அதிகம் மறுபடி கைதானார்கள், நீதி அமைப்பின் மேல் கசப்பும் அவர்களிடம்தான் அதிகம் இருந்தது. ஆனால் 11 ஆண்டு கழித்து அதே மனிதர்களைத் திரும்பப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நெதர்லாந்தில் 2010-ல் வந்த ஓர் ஒப்பீட்டில், சமூக சேவை செய்தவர்களிடம் மறுகுற்றம் குறுகிய காலச் சிறைக்குப் போனவர்களைவிடப் பாதியளவுக்கு அருகில் குறைந்திருந்தது. ஆக, மோசமான முடிவிலும் சிறையைவிடக் கெடுதல் இல்லை, நல்ல முடிவில் பெரிய நன்மை. அதற்கிடையில் ஒரு மனிதர் வேலையை இழக்கவில்லை, வாடகை வீட்டை இழக்கவில்லை, பிள்ளைகளைப் பிரியவில்லை. இதைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் கொடுங்கள், ஆனால் அலங்காரச் சான்றிதழைவிட அவசியமான தாள் ஒன்று இருக்கிறது. ஒருவர் கடைசி மணி நேரத்தை முடித்த அதே வாரத்தில், ஆணை நிறைவேறியது, வழக்கை முடித்து வைக்கலாம் என்ற கடிதம் நீதிமன்றப் பதிவகத்துக்குப் போக வேண்டும். முத்திரை போட்ட நகல் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். இது போகாவிட்டால் அவர் பெயர் பழைய பட்டியலில் அப்படியே கிடக்கும், வேலையை ஒழுங்காக முடித்தவர் பிறகு எங்கோ ஒரு சோதனையில் பிடிபட்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார். இதுவரை முடித்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கடிதம் போய்விட்டதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். படிவத்தையும் அட்டவணையையும் அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.